செயினுக்கு எந்த எண்ணெய்

நம் பள்ளிக்கூட நண்பர்கள் குழுவில் போன வாரம் ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டிருந்தார். மகனுக்குப் புது பைக் வாங்கிக் கொடுத்திருக்கிறாராம், செயினுக்கு எந்த எண்ணெய் போட்டால் நல்லது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. அவ்வளவுதான். அதுவரைக்கும் முட்டிவலிக்கு எந்தத் தைலம், சர்க்கரைக்கு எந்தக் கஷாயம் என்று பேசிக்கொண்டிருந்த நீங்கள் எல்லோரும் ஒரே நாளில் மெக்கானிக் ஆகிவிட்டீர்கள். ஒருத்தர் ஸ்பிரே என்றார். ஒருத்தர் கியர் ஆயில்தான் என்று அடித்துச் சொன்னார். இன்னொருத்தர், என்ஜினிலிருந்து இறக்கிய கறுப்பு ஆயிலையே ஊற்றி வண்டியைப் பல வருஷம் ஓட்டியதாகப் பெருமை பேசினார். கிரீஸை அப்பிவிட்டால் அப்புறம் கவலையே இல்லை என்று ஒருத்தர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே நான், "கிரீஸ் மட்டும் வேண்டாம்" என்று ஒரு வரி போட்டேன். உடனே, "பஸ்ஸைத் தவிர வேறு வண்டியில் ஏறியிருக்கிறாயா நீ?" என்று கேட்டுச் சிரித்தீர்கள்.

நானும் சிரிக்கத்தான் செய்தேன். ஆனால் பதில் எழுதாமல் விட முடியவில்லை. என் கல்யாணத்துக்கு வந்தவர்கள் என் அக்காவைப் பார்த்திருப்பீர்கள். கடைசிவரை நாற்காலியை விட்டு எழாமல் உட்கார்ந்திருந்தாளே, அவள்தான். அவளுடைய கால் எப்படிப் போயிற்று என்று உங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி. இப்போது நானாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்தது. வாசலில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் தூரத்தில் புகைபோக்கிகள். எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு ஐப்பசி மாதம் அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, கடலிலிருந்து திரும்பவில்லை. அதற்குப் பிறகு அம்மா நைனாவைத் தண்ணீரில் இறங்க விடவில்லை. தாலியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "போறதுன்னா இத வாங்கிகினு போ" என்று வழியை மறித்து நின்றாளாம். நைனா நின்றுவிட்டார்.

யானைக்கவுனிப் பக்கம் ஒரு சேட்டு விற்ற பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். விடிகிற நேரத்தில் காசிமேட்டில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, மணலி புதுநகர் வரைக்கும் கொண்டுபோய் விற்பது என்று ஏற்பாடு. நைனா வண்டி ஓட்டுவார், பின்னால் உட்கார்ந்து போகும் அம்மா கூவி விற்பாள். நைனாவுக்கு விலை பேச வராது. யாராவது ஒரு மீனைக் கூட எடுத்துக்கொண்டால் வேறு பக்கம் பார்ப்பார்.

மீன் பெட்டி வைப்பதற்காக வண்டியின் பின்பக்கம் ஒரு இரும்பு ஸ்டாண்டு பற்றவைத்தார்கள். செயினை மூடியிருந்த தகரக் கவர் அதற்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று வெல்டர் அதை அறுத்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அந்தக் கவர் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாகக் கிடந்தது. செயின் மட்டும் திறந்தபடி ஓடியது. பெட்டியில் ஐஸ் உருகி, உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணீர் நேராக அதன் மேல்தான் சொட்டும். வண்டி எங்கே போய் வந்தது என்று தெரிந்துகொள்ளத் தெருவில் சொட்டியிருக்கும் ஈரத்தைப் பார்த்தால் போதும், ஈ மொய்த்துக் கிடக்கும்.

இங்கேதான் எண்ணெய் விஷயம் வருகிறது. ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். அடுத்த தெருக்காரர் ஒருத்தர், படகுப் பலகைக்குப் பூசுகிற சுறா எண்ணெயைப் போடு என்றார். நைனாவும் போட்டார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால் குப்பத்துப் பூனைகள் எல்லாம் செயினைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அக்கா ஒரு கம்பை எடுத்துக்கொண்டு காவல் நிற்பாள். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வருஷத்தில் நாங்கள் சிரித்தது அத்தோடு சரி என்று சொல்ல மாட்டேன், இன்னும் கொஞ்சம் இருந்தது. ஆனால் அதிகம் இல்லை.

பிறகு நைனா தனக்குத் தெரிந்த வழிக்கே திரும்பினார். ஹார்பரில் கிரேன் கம்பிவடங்களுக்குப் பூசுகிற கிரீஸ் ஒன்று உண்டு. தார் மாதிரி கறுப்பு, ஒட்டினால் போகாது. அங்கே வேலை செய்த நைனாவின் தோஸ்து அதை ஒரு பால் பவுடர் டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்து தருவார். எங்கள் குப்பத்தில் அதுதான் சர்வரோக நிவாரணி. நங்கூர வளையம், படகு என்ஜினின் போல்ட்டு, கப்பி, எல்லாவற்றுக்கும் அதை அப்புவார்கள். இரும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பது கடல்காரர்களின் கட்சி. கண்ணுக்குத் தெரிகிற இரும்பை உப்பு தின்றுவிடும். அதில் தப்பே இல்லை. ஆனால் கடலில் தூசி கிடையாது. அதை மட்டும் ஒருத்தரும் யோசிக்கவில்லை.

கரையில் இருந்ததெல்லாம் தூசிதான். கத்திரி வெயில் காலத்தில் காற்று திரும்பும்போது எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மாவு சலித்த மாதிரி இறங்கும். கொடியில் காய்கிற துணியை உதறித்தான் மடிப்போம். சோற்றுப் பானையை மூடாமல் விட்டால் பல்லில் நறநறவென்று கடிபடும். நைனாவின் வண்டி தினமும் போய்வந்தது அந்தச் சாம்பலுக்குள்தான். கிரீஸ் அத்தனையையும் பிடித்து வைத்துக்கொண்டது. அதன் மேல் நைனா மறுபடியும் கிரீஸ் அப்புவார். விரலால், ஆசையாக, குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி அப்புவார். செயின் தடித்துக்கொண்டே போயிற்று.

அந்த வருஷம் பங்குனியில் அக்காவுக்கும் மாமாவுக்கும் பேசி முடித்திருந்தார்கள். மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. தாய்மாமனுக்குப் பெண் கொடுப்பது எங்களில் வழக்கம்தான். இவர்கள் விஷயத்தில் பெரியவர்கள் பேசுவதற்கு முன்பே இவர்களே பேசி முடித்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றும். அக்காவுக்குப் பத்தொன்பது வயது, இறால் உரிக்கிற ஷெட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மாமா மணலியில் ஒரு கம்பெனியில் காண்டிராக்டு வேலையில் இருந்தார். தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம். அதுவரைக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வர ஒரு சாக்கு வேண்டுமே. நைனாவின் வண்டி கிடைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் செயினைப் பார்த்துவிட்டு, "இன்னா மச்சான் இது, செயினா கருவாட்டுக் கொழம்பா?" என்றார்.

"நக்கலு வுடாத. துரு ஒரு பொட்டு காட்டு பாக்கலாம்," என்றார் நைனா.

"துரு இல்ல. உள்ளாற பூரா சாம்பலு கீது. எங்க கம்பெனில செயின கிருஷ்ணாயில்ல கழுவுவோம். தொடச்சு காயவெச்சு, கண்ணிக்குக் கண்ணி ஒரு சொட்டு கியர் ஆயிலு. மேல வழியறத துணியால தொடச்சுடணும். எண்ணெய் உள்ளாற இருந்தா போதும் மச்சான், வெளில இன்னாத்துக்கு?"

"உங்க கம்பெனிக்கு மேல கூரை கீது. எனக்கு இன்னா கீது? மேல வெயிலு, பின்னால உப்புத் தண்ணி."

இருந்தாலும் வரப்போகிற மாப்பிள்ளை ஆயிற்றே, நைனா விட்டுக்கொடுத்தார். மாமா ஒரு பழைய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா வண்டியின் மறுபக்கம் உட்கார்ந்து பின்சக்கரத்தைக் கையால் சுற்றினாள். "ரேசன் கிருஷ்ணாயில ஊத்தி செயின குளிப்பாட்டினா அடுப்புக்கு இன்னாத்த ஊத்தறது?" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். ஒரு செயினைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் இரண்டு பேருக்கும் மத்தியானம் முழுவதும் ஆயிற்று. அக்கா ஒரு கண்ணி சுற்றுவாள், மாமா ஏதோ சொல்வார், அவள் சிரிப்பாள், சக்கரம் பின்பக்கமாக ஓடிவிடும், மறுபடியும் முதலிலிருந்து. கீழே வைத்த தட்டில் சாம்பல் கறுப்புச் சேறாக இறங்கியது. கழுவி முடித்தபோது செயின் புதுக் கொலுசு மாதிரி இருந்தது. அக்காவின் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு அப்புறம் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வருவதற்காகவே நைனா காத்திருந்தார். வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வண்டியின் பக்கத்தில் நிறுத்தினார். கண்ணிக்குக் கண்ணி சிவப்பாகத் துரு பூத்திருந்தது.

"பாரு. நல்லா பாரு. இதான் உன் கம்பெனி வைத்தியம்."

"தெனம் தொடச்சு ஒரு சொட்டு வுடணும் மச்சான். உப்புத் தண்ணி மெல்லிசு எண்ணெய கழுவிகினு பூடும். அப்டியே வுட்டா..."

"தெனம் செயினுக்கு சீவி சிங்காரிச்சுகினு குந்தியிருந்தா மீனு நாறிப்பூடும். போடா."

அவர் எதிரிலேயே நைனா பால் பவுடர் டப்பாவைத் திறந்தார். "தொடச்சுட்டாவது போடு மச்சான்" என்று மாமா சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. துருவின் மேலேயே, அந்த ஒரு வாரச் சாம்பலின் மேலேயே, அப்பினார்.

இப்போது யோசித்தால் இரண்டு பேருமே பாதிதான் சரி. மீனை இறக்கியதும் ஒரு குடம் நல்ல தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்து, கொஞ்சம் கனமான எண்ணெயை மெல்லிசாகத் தடவியிருந்தால் போதும். ஒரு டீ குடிக்கிற நேரம்தான். ஆனால் அவர்கள் அதைப் பற்றியா பேசினார்கள்? அந்த வீட்டில் யார் பேச்சு எடுபடும் என்பதைப் பற்றிப் பேசினார்கள். அக்கா மட்டும் நைனாவிடம் மெதுவாக, "நான் தெனம் தொடச்சு வுடறேனே" என்றாள். "உனக்கு அவன் ஆளு, அவன் சொல்றதுதான் வேதம்" என்று அவர் சிரித்தே அடக்கிவிட்டார். பிறகு ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும், "சத்தம் வருதா பாரு, வெண்ணெய் மாரி ஓடுது" என்பார். உள்ளே தேய்கிற சத்தத்தைக் கிரீஸ் அமுக்கிவிட்டது. செயின் தொய்ந்துபோகும், இழுத்து முடுக்குவார், மறுபடியும் தொய்யும். அது வயசான வண்டி அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். எழுந்து நிற்க முடியவில்லை. மீன் எடுத்தாகிவிட்டது, விற்காமல் விட முடியாது. அக்கா ஷெட்டுக்கு லீவு சொல்லிவிட்டு அம்மாவின் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மீனு மீனு" என்று அம்மாவின் குரலில் கூவிக் காட்டிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனாள்.

எர்ணாவூரைத் தாண்டும் இடத்தில் செயின் அறுந்தது. அறுந்து விழுந்திருந்தால் வண்டி நின்றிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது பின்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த சக்கரம் சட்டென்று இறுகி நின்றது. நைனா இடது பக்கம் மண்ணில் விழுந்தார், முழங்கையில் சிராய்ப்பு. அக்கா வலது பக்கம் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக் போட்டார், முழுவதும் நிற்கவில்லை. அவரே தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

காய்ச்சலோடு அம்மா என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நைனா சுவரோரம் குந்தியிருந்தார். சட்டை பூரா அக்காவின் ரத்தம். முகம் செத்துப்போயிருந்தது. தண்ணீர் கொடுத்தால் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார். அப்போது எங்கள் தெருக்காரர் ஒருத்தர், ஏதாவது பேச வேண்டுமே என்று பேசினாரோ என்னவோ, "கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவினா செயின் உள்ளாற காஞ்சு பூடும்பா. உன் மச்சினன் செஞ்ச வேல இது" என்றார்.

நைனா தலையைத் தூக்கினார். அவ்வளவு நேரத்தில் அதுதான் முதல் அசைவு. தூக்கின அந்தத் தலையை அம்மா பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வண்டியைத் திருவொற்றியூரில் ஒரு மெக்கானிக் கடையில் போட்டிருந்தார்கள். அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனாள். மெக்கானிக் அறுந்த செயினை ஒரு சாக்கின் மேல் விரித்து வைத்திருந்தார். உள்ளேயிருந்த கறுப்பு மையை விரலில் எடுத்துத் தேய்த்து அம்மாவின் காதருகே காட்டினார். நறநறவென்றது.

"இது எண்ணெய் இல்லம்மா, அரைக்கிற கல்லு. கண்ணிக்குள்ள கீற பின்னப் பாரு, ஊசியாட்டம் தேஞ்சுபோயி கீது. கழுவினதால அறுந்தது இல்ல இது. அப்பறம் கழுவாததால அறுந்தது."

அம்மா ரொம்ப நேரம் அந்தச் செயினையே பார்த்தாள். பிறகு, "அண்ணே, இத எங்க வூட்டுக்காராண்ட சொல்லாதீங்க. யாராண்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

மெக்கானிக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "எனக்கு இன்னாத்துக்கும்மா" என்று குனிந்துகொண்டார்.

அதற்குள் நைனா வேறு மனுஷர் ஆகியிருந்தார். கரையில் கொட்டியிருந்த கருங்கற்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே ஒவ்வொரு கல்லாகத் தண்ணீர்ப் பக்கம் இறங்கிப் போவார். அம்மா என்னை அனுப்புவாள், "நைனா பக்கத்துல குந்து, எழுந்து வந்துடாத" என்று. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யாராவது வந்து, "உன் மச்சினன் பண்ண வேலைக்கு நீ இன்னா செய்வ" என்று சொன்னால்தான் எழுந்து வீட்டுக்கு வந்து நாலு வாய் சாப்பிடுவார். இதை அம்மா கணக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

யார் மேல் தப்பு என்று பேசித் தீர்க்க ஊர்ப் பெரியவர்கள் கோயில் முன்னால் கூடுவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் அம்மா தன் தம்பியை வலை காயப்போடும் இடத்தில் பிடித்தாள். நான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததால் தாடி வளர்ந்திருந்தது.

"நீ ஒத்துக்கடா," என்றாள் அம்மா.

"இன்னாத்த?"

"நீ கழுவினதாலதான்னு. அந்த மனுசன் தன் கையாலதான் ஆச்சுன்னு தெரிஞ்சா உசுரோட இருக்க மாட்டாரு. தெனம் கல்லு மேல போயி குந்திகினு கீறாரு."

மாமா அக்காவைப் பார்ப்பது மாதிரி ஆஸ்பத்திரி இருந்த திசையைப் பார்த்தார். "நான் ஒத்துகினா அவள எனக்குக் குடுக்க மாட்டாங்களே அக்கா. காலு இல்லன்னா இன்னா, நான் கட்டிக்கறேன்னு நேத்துதான் அவளாண்ட சொல்லிட்டு வந்தேன்."

அம்மா அழவில்லை. கும்பிட்டாள். தம்பியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கோயில் முன்னால் ஊர்த் தலைவர், "கிருஷ்ணாயில் ஊத்திக் கழுவினியா?" என்று கேட்டார். "ஆமா" என்றார் மாமா. "அதனாலதான் அறுந்துச்சா?" என்று கேட்டார். மாமா கொஞ்சம் பொறுத்து, "ஆமா" என்றார். நைனா தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாற்றின தாம்பூலம் செல்லாது, இனிமேல் அவன் இந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று தீர்த்தார்கள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் குப்பத்துக்குள் அவர் மறுபடியும் வர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் முதலில் கேட்டது, "மாமா எங்க?" என்றுதான். அம்மா சொன்னாள். அக்கா நம்ப முடியாமல் பார்த்தாள்.

"கழுவறச்ச சக்கரத்த சுத்தினதே நான்தானே? எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல நைனா அப்பினத நீயும்தானே பாத்த?"

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். ஜன்னல் வழியாகக் கைநீட்டி, கல்லின் மேல் உட்கார்ந்திருந்த நைனாவைக் காட்டினாள். "உன் காலு பூடுச்சு. அவரும் போவட்டுமா? நீயே சொல்லு. போவட்டுமா?"

அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு மாமாவின் பெயரை அவள் எடுக்கவே இல்லை. அவர் சில வருஷம் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தார் என்று கேள்விப்பட்டோம். பிறகு பொன்னேரிப் பக்கம் பெண் எடுத்தார். அக்கா கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை. செயற்கைக் கால் வைத்துக்கொண்டு, தையல் கற்றுக்கொண்டு, என்னைப் படிக்க வைத்தாள். நைனா வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஐஸ் பாக்டரியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். மெல்ல மெல்லச் சிரிக்கக்கூட ஆரம்பித்தார். அவர் சிரிக்கிறபோதெல்லாம் அம்மா அக்காவைப் பார்ப்பாள். பார்த்தாயா, வீண்போகவில்லை என்று சொல்வது மாதிரி இருக்கும்.

நைனா போன வருஷம்தான் போனார். எண்பது வயதைத் தாண்டியிருந்தார். படுக்கையில் விழுந்த பிறகு அக்காதான் கஞ்சி ஊட்டுவாள். அன்றைக்கு நானும் பக்கத்தில் இருந்தேன். அம்மா வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமன் எப்டி கீறான்?" என்றார் நைனா திடீரென்று.

"இன்னாத்துக்கு இப்ப?" என்றாள் அக்கா.

"அவன் மேல தப்பு இல்லம்மா. நான் போட்ட கிரீஸு."

அக்கா என்னைப் பார்த்தாள். யாரோ கடைசிக் காலத்தில் வந்து சொல்லித் தொலைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். "எந்தக் கய்த நைனா உன்னாண்ட சொன்னது?" என்று கேட்டாள்.

"அந்த மெக்கானிக்குதான். ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா அவனாண்டதான் போனேன். அன்னிக்கே காட்டிட்டான்."

"அப்ப பஞ்சாயத்துல குந்தியிருந்தியே?"

நைனா கூரையைப் பார்த்தார். "நீங்கல்லாம் அவன்தான்னு நம்பிகினு இருந்தீங்க. இல்லன்னு சொன்னா உங்க மூஞ்ச எப்டி பாக்கறது? பயமா இருந்துச்சும்மா."

அக்கா கையில் இருந்த ஸ்பூன் அப்படியே நின்றது. பிறகு மீதிக் கஞ்சியையும் ஊட்டி முடித்தாள். வாயைத் துடைத்துவிட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்றைக்கும் தீரவில்லை. பெற்ற அப்பா என்று எவ்வளவு சொல்லிப் பார்த்துக்கொண்டாலும் தீரவில்லை.

மறுநாளே போய்விட்டார். புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது மாமா ஒருத்தர்தான். ஊரில் அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருத்தரும் உயிரோடு இல்லை. இப்போதைய தலைவர், வரட்டும் என்றுவிட்டார். மாமா வந்தார். தலை முழுக்க வெள்ளை, கையில் ஒரு துணிப்பை. பழக்கதோஷம் மாதிரி வாசலுக்கு வெளியிலேயே, பந்தலுக்கு அப்பால் நின்றார்.

அக்கா எழுந்தாள். சுவரைப் பிடித்து, காலை இழுத்து இழுத்து நடந்து அவர் எதிரில் போய் நின்றாள். மேளம் அடித்துக்கொண்டிருந்தவர்களைக் கை காட்டி நிறுத்தினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. செயின் அறுந்தது எங்க நைனா போட்ட கிரீஸால. இவரு கழுவினதால இல்ல. இது நைனாவுக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சேதான் பஞ்சாயத்துல குந்தியிருந்தாரு."

"பொணத்தாண்ட இன்னாடி பேச்சு இது?" என்று அம்மா கத்தினாள்.

"உசுரோட இருக்கச்ச பேச வுட்டியாம்மா நீ?"

'அன்னிக்கே தெரியும்' என்ற வார்த்தை அம்மாவுக்குள் இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் அப்படியே மடங்கித் தரையில் உட்கார்ந்தாள். நைனாவின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாமா சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன். பழி போயிற்றே, ஊர் அறியப் போயிற்றே என்று. அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துவிட்டேன்.

"இத இன்னாத்துக்குச் சொன்ன?" என்றார் அக்காவிடம். "மச்சான் நல்லா கீறாருன்னு எவனாவது சொல்றப்பல்லாம், அது நான் குடுத்த உசுருன்னு நெனச்சுக்குவேன். அது ஒண்ண வெச்சுகினுதான் இத்தினி வருசம் ஓட்டனேன். அதயும் புடுங்கிட்டியே."

"எனக்கும் அது ஒண்ணுதான் இருந்துச்சு மாமா," என்றாள் அக்கா. "முந்தாநேத்து நைனா புடுங்கிட்டாரு."

நாற்பது வருஷத்துக்கு மேல் கழித்து அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மாமா உள்ளே வந்து கோடியை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, பிணம் எடுக்கும்வரைகூட நிற்காமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.